கரையில் உட்காருங்கள், பறவை வரும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் டெலி ஜூம் லென்ஸ் பற்றியவை. பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்து 26 வருடம் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எடுத்தவன் நான். பறவைகள் பக்கம் வந்தது அதற்குப் பிறகு. மண்டபத்தில் கற்ற பல விஷயங்கள் குளக்கரையிலும் கைகொடுக்கின்றன. அதை வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (நாங்குநேரி வாசகர்): அண்ணாச்சி, கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு மூன்று ஞாயிறு தொடர்ந்து போனேன். கையில் இருப்பது கேனான் 1500டி, 55-250 லென்ஸ். எல்லாப் பறவையும் புள்ளியாகத்தான் விழுகிறது. கடன் வாங்கியாவது 150-600 வாங்கிவிடலாமா?

பதில்: கடன் வாங்க வேண்டாம். முதலில் ஒரு கணக்குப் போடுவோம். லென்ஸ் பெயரில் வரும் எண்கள் மி.மீ. கணக்கு, எண் கூடக்கூடப் பறவை பெரிதாக விழும். உங்கள் கேமராவில் 250-ல் வைத்து, 80 மீட்டர் தள்ளி நிற்கும் நாரையை எடுத்தால் படத்துக்குள் சுமார் 7 மீட்டர் அகலம் வரும். 600-ல் வைத்தால் அது 3 மீட்டராகச் சுருங்கும். பெரிய வித்தியாசம்தான். ஆனால் அதே நாரை 30 மீட்டரில் வந்து நின்றால், உங்கள் 250-லேயே 2.7 மீட்டர் அகலம்தான் வரும். தூரத்தில் 600 தருவதைவிடப் பெரிய பறவை கையில் இருக்கிற லென்ஸிலேயே கிடைத்துவிடுகிறது. இடையில் 50 மீட்டர் காற்றும் குறைகிறது. அந்தக் காற்று எப்படிப் படத்தைக் கெடுக்கும் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

30 மீட்டருக்கு நாரை எப்படி வரும்? நாம் அதை நோக்கி நடந்தால் வராது. அது வருகிற இடத்தில் நாம் முன்னாடியே இருக்க வேண்டும். கூந்தன்குளத்தில் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டும். கீழே கோழி மேயும், மேலே நாரைக்குஞ்சு கத்தும். பறவை பயப்படும் என்று வெடி போடாத ஊர் அது. அந்த மக்களின் பொறுமையால்தான் பறவை அவ்வளவு கிட்ட இருக்கிறது. வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நின்றால் உங்கள் 250 தாராளம்.

குளத்துப் பக்கம் என்றால் மடைக்குப் போங்கள். தண்ணீர் விழும் இடத்தில் மீனுக்காகக் கொக்கு காத்து நிற்கும். அதைவிட நல்ல இடம், தண்ணீர் கட்டிச் சேறாக்கும் தொழி உழவு நடக்கும் வயல். டிராக்டர் பின்னாலேயே உண்ணிக்கொக்கு, அரிவாள் மூக்கன், நத்தை குத்தி நாரை எல்லாம் வரிசையாக வரும். டிராக்டருக்குப் பழகிய பறவை, வரப்பில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் விடிவதற்கு முன்பே போய், மண் நிறச் சட்டையோடு வரப்பில் உட்கார்ந்துவிடுவேன். முதல் இருபது நிமிடம் கேமராவைத் தூக்கவே மாட்டேன். விலகிப் போன பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் மெதுவாகக் கண்ணில் வைப்பேன். திடீரென்று எழுந்து நிற்பதுதான் எல்லாவற்றையும் கெடுக்கும்.

ஆறு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். அப்போதும் பெரிய லென்ஸ் வேண்டும் என்று தோன்றினால், வாங்குவதற்கு முன் இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். கல்யாண போட்டோகிராபர்களுக்கு லென்ஸ் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் பெரிய ஊர்களில் இருக்கின்றன.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): 150-600 லென்ஸ் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. 600-ல் எடுத்தால் ஒரு படம்கூடத் தெளிவாக இல்லை. கடையில் கேட்டால் லென்ஸில் குறை இல்லை என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: நீங்கள் அனுப்பிய பதினோரு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மங்கலுக்குக் காரணம் ஒன்றில்லை, மூன்று.

முதலாவது ஷட்டர், அதாவது கேமராவுக்குள் வெளிச்சம் விழும் நேரம். பதினொன்றில் ஏழு படம் 1/250 நொடியில் எடுத்திருக்கிறீர்கள். லென்ஸில் ஆட்டத்தைத் தாங்கும் வசதி இருக்கிறதே என்று நம்பியிருப்பீர்கள். அது உங்கள் கை ஆட்டத்தை மட்டும்தான் தாங்கும். பறவை தலையைத் திருப்பினால் அதற்கு அது என்ன செய்ய முடியும்? 600-ல், அதுவும் சின்ன சென்சார் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) உள்ள கேமராவில், உட்கார்ந்திருக்கும் பறவைக்கே 1/1000 வைத்துப் பழகுங்கள். பறக்கும் கொக்குக்கு 1/2000. பஞ்சுருட்டான் மாதிரிச் சுழலும் பறவைக்கு 1/3200. வெளிச்சம் போதவில்லை என்றால் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது சென்சாரின் ஒளி உணர்வை, 1600, 3200 என்று ஏற்றத் தயங்காதீர்கள். அதனால் படத்தில் புள்ளி புள்ளியாக வரும் பொரியைக் கணினியில் குறைக்கலாம். ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. மேனுவலில் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் (வெளிச்சம் நுழையும் துளை; எஃப் எண் கூடினால் துளை சிறிதாகும்) நீங்கள் வைத்துக்கொண்டு, ஐ.எஸ்.ஓ.வை மட்டும் ஆட்டோவில் விடுவது என் வழக்கம்.

இரண்டாவது ஃபோகஸ். மூன்றாம் படத்தில் தேன்சிட்டின் வால் கத்தி மாதிரி இருக்கிறது, கண் மங்கல். எஃப் 6.3-ல், 600-ல், 5 மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஒன்றிரண்டு செ.மீ. அவ்வளவுதான். நடுவில் இருக்கும் ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்து கண்மேல் வையுங்கள். புதிய மிரர்லெஸ் கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமாகவே தேடிப் பிடிக்கும். அந்த வசதி இருந்தால் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை. காற்று. உங்கள் ஏரிப் படங்கள் நான்கும் காலை 11 மணிக்கு மேல் எடுத்தவை. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, மேலே எழும் காற்று ஆவி மாதிரி நெளியும். தார்ச் சாலையில் கானல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். 600 மி.மீ. லென்ஸ் பறவையைப் பெரிதாக்குகிற மாதிரியே அந்த நெளிவையும் பெரிதாக்கும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் இதற்குத் தப்பாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆடாமல் நிற்கும் ஒரு கொக்கைத் தொடர்ந்து பத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு படமும் ஒவ்வொரு விதமாக மங்கியிருந்தால் குறை காற்றில்தான். ஒன்பது மணிக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு ஒட்டிய நிழலில் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும்.

இன்னொன்று. லென்ஸ் முன்னால் மாட்டியிருக்கும் பாதுகாப்பு ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு நாள் எடுத்துப் பாருங்கள். மலிவான கண்ணாடி 50 மி.மீ. லென்ஸில் செய்யாத கெடுதலை 600-ல் செய்யும்.

கேள்வி (சென்னை, வேளச்சேரி வாசகி): பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்திலேயே வீடு. சோனி 200-600, நிக்கான் 180-600, கேனான் 100-500, கேனான் 200-800 என்று நான்கு பெயர் சொல்கிறார்கள். இவற்றில் எது நல்லது?

பதில்: உங்களிடம் எந்த கேமரா இருக்கிறதோ, அந்தக் கம்பெனி லென்ஸ்தான் நல்லது. லென்ஸுக்காக கேமராவையே மாற்றும் அளவுக்கு இவற்றில் வித்தியாசம் இல்லை. எடையை மட்டும் கவனியுங்கள். சோனி 2.1 கிலோ, நிக்கான் கிட்டத்தட்ட 2 கிலோ, கேனான் 200-800-ம் 2 கிலோவைச் சுற்றித்தான். கேனான் 100-500 மட்டும் 1.4 கிலோவுக்குள் அடங்கும். ஆனால் 500-ல் அதன் அப்பர்ச்சர் 7.1-தான் திறக்கும். 200-800 கடைசியில் 9-க்குப் போய்விடும். அதிகாலை மங்கல் வெளிச்சத்தில் இது உறைக்கும்.

சோனியிலும் நிக்கானிலும் ஜூம் செய்யும்போது லென்ஸ் நீளாது. கேனான் இரண்டும் நீளும். நீளாத லென்ஸில் பிடிமானம் மாறாது. நான் முதலில் 200-ல் வைத்துப் பறவையைக் கண்டுபிடித்து, பிறகு 600-க்குத் திருப்புவேன். எடுத்தவுடனே 600-ல் தேடினால் வானம் மட்டும்தான் கிடைக்கும். ஜூமின் பெரிய வசதியே இதுதான்.

சுமக்க முடியுமா என்று கடையில் பத்து நிமிடம் கண்ணில் வைத்துப் பாருங்கள். கை வலித்தால் மோனோபாட் என்ற ஒற்றைக்கால் ஸ்டாண்ட் ஒன்று வாங்கலாம். அல்லது பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து, உள்ளே கொள்ளு நிரப்பி, காரின் ஜன்னல் மேல் வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கரணையில் சாலையோரம் காருக்குள் இருந்தே எடுத்தால் நீலத்தாழைக்கோழி நகராமல் நிற்கும். கதவைத் திறந்து இறங்கினால் நாணலுக்குள் போய்விடும்.

கேள்வி (திருவாரூர் வாசகர்): கொக்கு, கரண்டிவாயன் எல்லாமே வெள்ளைத் துணி மாதிரி விழுகிறது. இறகு ஒன்றும் தெரியவில்லை.

பதில்: கல்யாணத்தில் வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கும் மாப்பிள்ளையைக் கருப்புத் திரைக்கு முன்னால் எடுக்கும்போதும் இதே தொல்லை வரும். கேமரா சுற்றியிருக்கும் கருப்பைப் பார்த்து, இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வேட்டியின் மடிப்பெல்லாம் போய்விடும். பச்சை வயலில் நிற்கும் கொக்குக்கும் அதேதான். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 2/3-ல் வையுங்கள். நல்ல வெயில் என்றால் மைனஸ் 1. எடுத்த படத்தில் அளவு மீறி வெளுத்த இடம் கண் சிமிட்டும் எச்சரிக்கையை மெனுவில் போட்டுக்கொண்டால் அங்கேயே தெரிந்துவிடும். வானத்தைப் பின்னணியாக வைத்து நீர்க்காகத்தை எடுத்தால் தலைகீழ், ப்ளஸ் 1-க்குப் போக வேண்டும். ரா கோப்பாக (கேமரா தானாகத் திருத்தாத மூலக் கோப்பு) எடுங்கள், பிறகு திருத்த இடம் இருக்கும்.

கேள்வி (தென்காசி வாசகர்): பறக்கும் பறவையை எடுத்தால் எப்போதும் முதுகுதான் கிடைக்கிறது. முகம் கிடைக்க வழி உண்டா?

பதில்: இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குளக்கரையில் பல வருடம் நின்றபின் தானாகப் புரிந்தது.

பறவை எழும்பும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்த்துத்தான் செய்யும். காற்று உங்கள் முதுகில் அடித்தால், எழும்பும் பறவை உங்களை நோக்கி வரும். காற்று உங்கள் முகத்தில் அடித்தால் முதுகைக் காட்டிக்கொண்டு போகும். சூரியனும் முதுகுப் பக்கம் இருந்தால் முகத்தில் வெளிச்சம் விழும். இந்த இரண்டும் ஒரே பக்கம் சேருகிற நேரத்தைப் பிடித்தால் போதும்.

மார்கழி, தை மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. காலைச் சூரியனும் கிழக்கே. அப்போது குளத்தின் கிழக்குக் கரையில் காலையில் நில்லுங்கள். ஆனி, ஆடியில் உங்கள் ஊர்ப் பக்கம் மேல்காற்று கணவாய் வழியாக வந்து அடிக்கும். அப்போது மாலையில் மேற்குக் கரை. மாலைச் சூரியனும் அங்கேதான் இருக்கும். ஒரே குளம், பாதி வருடம் காலையில் ஒரு கரை, பாதி வருடம் மாலையில் எதிர்க்கரை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குக் கிடைத்த முகங்கள் அதற்கு முன் பல வருடம் சேர்த்தும் கிடைக்கவில்லை. ஆடிக்காற்றில் மூன்றுகால் ஸ்டாண்டை நம்பாதீர்கள், அதுவே ஆடும். தரையில் உட்கார்ந்து முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள்.

பழக ஆரம்பிக்க நல்ல பறவை கருப்பு வெள்ளை மீன்கொத்தி. தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். அந்த நேரத்துக்குள் ஃபோகஸ் பிடித்துவிடலாம். பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்துவிட்டு பெரும்பாலும் கிளம்பிய கம்பிக்கே திரும்பி வரும். கம்பியில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): 150-600 லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் 2 எக்ஸ் கன்வர்ட்டர் போட்டால் 1200 ஆகுமே?

பதில்: ஆகும். 6.3 அப்பர்ச்சர் 13-க்குக் கிட்ட போய்விடும். பல கேமராக்களில் ஆட்டோஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும், தெளிவும் குறையும். வேண்டாம். அந்தப் பணத்தில் நாலைந்து முறை வேடந்தாங்கல் போய் வாருங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம் வாசகர்): கோடியக்கரையில் பூநாரை எடுக்க அடிக்கடி போவேன். லென்ஸுக்குள் வெள்ளை நூல் மாதிரி ஏதோ தெரிகிறது. ஈரத்தால் வந்ததா?

பதில்: பூஞ்சை. உடனே சுத்தம் செய்யக் கொடுங்கள், தள்ளிப் போட்டால் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். அந்த லென்ஸை மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்காதீர்கள்.

இனிமேல் கேமராப் பையில் வைத்துப் பூட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினெட் வாங்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் காற்றுப் புகாத மூடி உள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் போதும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் லேசாகச் சூடாக்கி மறுபடி போடலாம். எல்லாவற்றையும்விட, லென்ஸை வாரம் ஒரு முறையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

கடற்கரையிலிருந்து வந்ததும் ஈரத்துணியைப் பிழிந்து லென்ஸின் உடம்பைத் துடைத்து உப்பை எடுத்துவிட வேண்டும். ஏ.சி. காரிலிருந்து இறங்கியவுடன் லென்ஸை வெளியே எடுத்தால் கண்ணாடி முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொள்ளும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே வைத்திருந்துவிட்டு எடுங்கள். கோடியக்கரைக்கு இறங்குவதற்கு முன்பே ஏ.சி.யை நிறுத்திவிட்டால் இன்னும் நல்லது.

கேள்வி (திருநெல்வேலி டவுன் வாசகர்): ஆட்டோஃபோகஸ் இல்லாத காலத்தில் வனவிலங்குப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணன் போன்றவர்கள் எப்படி எடுத்தார்கள்?

பதில்: நம் ஊரில் பிறந்தவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1996-ல் மறைந்தார். கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். கேமராவையும் லென்ஸையும் தன் தேவைக்கு ஏற்ப வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்தார். அவர் படங்களைப் பார்க்கும்போது எனக்குப் படுவது, விலங்கு அடுத்து என்ன செய்யும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஃபிலிமில் 36 படம்தான். ஒவ்வொன்றுக்கும் காசு. நானும் ஃபிலிமில் தொழில் பழகியவன் என்பதால் அந்த அழுத்தம் தெரியும். இன்று நொடிக்கு இருபது படம் எடுக்கும் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்வேன். ஒரு காலை முழுக்க 36 படத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பறவையைப் பார்க்கும் நேரம் தானாகக் கூடிவிடும்.

கேள்வி (திண்டுக்கல் வாசகி): எங்கள் வீட்டுப் போர்டிகோ ஒயரில் தேன்சிட்டு கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கிறது. தாய் இரை ஊட்டுவதை எடுக்க ஆசை. செடி மறைக்கிறது. இரண்டு கிளையை ஒதுக்கிவிட்டு எடுக்கலாமா?

பதில்: அம்மா, ஒரு இலையைக்கூடத் தொடாதீர்கள். நான் தொட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பறவைகளை எடுக்க ஆரம்பித்த முதல் வருடம். ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருந்த செடியில் தையல்சிட்டு இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு வைத்திருந்தது. மூன்று குஞ்சு. வெளிச்சம் போதவில்லை என்று மேலே இருந்த நாலு இலையைக் கிள்ளினேன். நல்ல படம் கிடைத்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கூடு கிழிந்து தொங்குகிறது. மதில் மேல் காக்கை. தாய்ச்சிட்டு அந்தக் கிளையிலேயே வாயில் புழுவோடு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டு நாள் அப்படி வந்தது. அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை. நெகடிவ் இன்னும் இருக்கிறது, எரிக்கவும் மனம் வரவில்லை.

இலை என்பது பறவை தேடித் தேர்ந்த மறைப்பு. அதை எடுத்தால் காக்கைக்கு வழி காட்டியதாகிவிடும், வெயிலும் உள்ளே விழும். நாரைகளைப் பாருங்கள். சித்திரை வெயிலில் தாய் சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடிக்கும். நாம் கிட்ட போய் அது பறந்துவிட்டால் இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் துவண்டுவிடும். நமக்கு அது பத்து நிமிடப் படம், குஞ்சுக்கு உயிர்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள், காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடக்கம்.

உங்கள் ஆசையும் நியாயமானது. போர்டிகோவை ஒட்டி ஜன்னல் இருந்தால் வீட்டுக்குள் விளக்கை அணைத்து, திரையைக் கொஞ்சமாக விலக்கி, உள்ளே இருந்து தாய் வந்துபோவதைப் பாருங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். தாய் இரையோடு வந்து கூட்டுக்குப் போகாமல் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து கத்தினால் அது உங்களைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். திரையை மூடிவிட்டு நகர்ந்துவிடுங்கள். குஞ்சுகள் பறந்து வெளியே வந்த பின்பும் சில நாள் தாய் ஊட்டும். அப்போது செடியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்தப் படம் கூட்டுப் படத்தைவிட அழகாக இருக்கும்.

கேள்வி (ராஜபாளையம் வாசகர்): ஆறுமணிக்குருவி எங்கள் தோப்புக்கு வந்திருக்கிறது. போனில் அதன் குரலைப் போட்டால் வெளியே வரும் என்று நண்பர் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். குரலைக் கேட்டதும் இன்னொரு குருவி தன் இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்து அது மேயும் வேலையை விட்டுவிட்டு அலையும். இமயமலை அடிவாரத்திலிருந்து இரவில் பறந்து இவ்வளவு தெற்கே வரும் பறவை அது. வந்து சேரும்போது களைத்து வீட்டு வாசலில் விழுந்து கிடப்பதையும் மக்கள் பார்த்திருக்கிறார்கள். அதற்குத் தேவை புழுவும் அமைதியும்தான்.

பெயரே உங்களுக்கு வழி சொல்கிறது. காலை ஆறு, மாலை ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுக்கும், இரண்டு சுரமாக ஒரு விசில். எங்கே சருகு அதிகமோ அங்கே இறங்கி இலையைப் புரட்டும். மாலை ஐந்தேகாலுக்கே போய் ஒரு மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். கொள்ளு மூட்டையைத் தரையில் வைத்து அதன்மேல் லென்ஸ். அப்பர்ச்சர் முழுதாகத் திறந்து, ஐ.எஸ்.ஓ. 6400, ஷட்டர் 1/100. இரண்டு தத்தலுக்கு நடுவில் அது சிலை மாதிரி நிற்கும், அந்த நேரத்தில் மட்டும் அழுத்துங்கள். முதல் மாலையே கிடைக்காது. எனக்கு ஒன்பதாவது மாலை கிடைத்தது.

கேள்வி (தூத்துக்குடி, எட்டாம் வகுப்பு மாணவி): மாமா, எங்க வீட்டுல கேமரா இல்ல. அப்பா போன்தான் இருக்கு. உப்பளத்துப் பக்கம் பறவை நிறைய வரும். போன்ல எடுக்க முடியுமா?

பதில்: முடியும் மகளே. உப்பளத்துப் பவளக்காலியும் பூநாரையும் போனுக்கு ரொம்பத் தூரம். பள்ளியிலோ தெரிந்தவரிடமோ பைனாகுலர் கிடைத்தால், அதில் கண் வைக்கும் ஒரு துளையில் போன் லென்ஸைப் பொருத்திப் பார். முதலில் இருட்டாகத் தெரியும், மெதுவாக நகர்த்தினால் ஒரு வட்டத்துக்குள் பறவை வரும். உப்பளத்துக்குள் பெரியவர்கள் துணையில்லாமல் போகாதே. பாத்தி வரப்பு வழுக்கும்.

மொட்டைமாடியில் இன்னும் சுலபமான வழி இருக்கிறது. ஒரு மண்சட்டியில் இரண்டு விரல்கடை தண்ணீர் ஊற்றி நிழலில் வை. தினமும் ஒரே இடம். நாலைந்து நாளில் மைனா வரும், குருவி வரும், கரிச்சான் வரலாம். பறவை பழகிய பிறகு சட்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, இரண்டு செங்கலுக்கு நடுவில் போனை நிறுத்து. ஒயர் உள்ள இயர்போனைச் செருகினால் பல போன்களில் அதன் வால்யூம் பட்டனை அழுத்தினாலே படம் விழும். ஒயரைப் படிக்கட்டு வரை எட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுத்து. பெரிய லென்ஸால் ஆகாத ஒரு மீட்டர் நெருக்கம் உனக்குக் கிடைத்துவிடும்.

படம் எடுத்த தேதி, நேரம், பறவை என்ன செய்தது என்று ஒரு நோட்டில் எழுதி வை. ஒவ்வொரு வருடமும் பொங்கல் நாள்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஒரு இடத்தில் நின்று, பார்த்ததை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். உன் மொட்டைமாடியிலிருந்தே செய்யலாம், அப்பாவைப் பதிவு செய்யச் சொல். முதலில் சட்டிக்கு வரும் பறவையின் படத்தை எனக்கு அனுப்பு, இந்தப் பக்கத்தில் போடுகிறேன். தண்ணீரை மட்டும் தினமும் காலையில் மாற்றிவிடு.